அமரர் ஊர்தி வேலைக்குப் புதிதாக வருகிறீர்களா? ஏற்றுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

இறந்தவர்களை ஏற்றிச் செல்வது என்றாலும் தமிழ்நாட்டில் அது ஒரே வேலையாக இல்லை. அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்கோ மயானத்துக்கோ காசு வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் அமரர் ஊர்தி இருக்கிறது. அதை இந்திய செஞ்சிலுவைச் சங்கத்தின் தமிழ்நாடு கிளை நடத்துகிறது, கூப்பிட வேண்டிய எண் 155377. தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் வெளியூர் சவாரி எடுப்பார்கள். ஃப்ரீசர் பாக்ஸ், பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்கள் கூடவே ஒரு சொர்க்க ரதமும் வைத்திருப்பார்கள். பெரிய மருத்துவமனைகளில் வார்டிலிருந்து மார்ச்சுவரிக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கென்றே ஆட்கள் உண்டு. 108 இந்தக் கணக்கில் வராது, அது உயிரோடு இருப்பவர்களுக்கான வண்டி.

எதில் சேர்ந்தாலும் ஒரு பழக்கம் பொது. எந்தச் சந்தேகம் இருந்தாலும் வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் எல்லாம் ஓட்டுநர் தலையில்தான் விடியும். கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

சேருவதற்கு முன்

ஓட்டுநர் உரிமம் முதலில். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை ஓட்ட சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லி, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்விலும் அதையே உறுதி செய்துவிட்டது. ஆனாலும் பல முதலாளிகள் ‘பேட்ஜ் இருக்கா?’ என்றுதான், அதாவது வாடகை வண்டி ஓட்டத் தனி அனுமதி இருக்கிறதா என்றுதான், இன்னும் கேட்கிறார்கள். வாதாடிக்கொண்டிருக்காமல் இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் தீர்ப்பைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது ஊசி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்றையும் முடித்தால்தான் முழுப் பலன். டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். முதலாளி செலவு செய்யாவிட்டாலும் சொந்தக் காசில் போட வேண்டிய ஊசிகள் இவை.

கையுறை, முகக்கவசம், பிளாஸ்டிக் ஏப்ரன், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், இரண்டு தடித்த பெட்ஷீட், ஒரு கட்டுப் பஞ்சு, அகலமான பிளாஸ்டிக் ஷீட், துணிக் கயிறு, டார்ச், நோட்டு, பேனா. வண்டியில் இவை எப்போதும் இருக்க வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், அது தோலை அறுத்துவிடும்.

முதல் மாதம் உதவியாளராக மட்டும் போங்கள். ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் தூக்கிப் பழக வேண்டும்.

போன் வந்ததும் கேட்க வேண்டியவை

அழுதுகொண்டே பேசுவார்கள், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் யாராவது பேசுவார். பொறுமையாகக் கேளுங்கள். எங்கே இறந்தார், வீட்டிலா மருத்துவமனையிலா? எத்தனை மணிக்கு? டாக்டர் பார்த்துவிட்டாரா? எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா? ஆள் கனமா? எங்கே கொண்டுபோக வேண்டும்? இவ்வளவும் தெரிந்தால்தான் எத்தனை பேர் போவது, எந்த வண்டி என்று முடிவு செய்ய முடியும். வாடகையையும் காத்திருப்புக் கட்டணத்தையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

‘பாடி எங்க இருக்கு?’ என்று கேட்காதீர்கள். தொழிலில் நாங்கள் எல்லாரும் பாடி என்றுதான் பேசிக்கொள்வோம், அது நமக்குள். மகனிடம் பேசும்போது ‘அப்பா எந்த ரூம்ல இருக்காங்க?’ என்றுதான் கேட்க வேண்டும்.

‘டாக்டர் பார்த்துவிட்டாரா’ என்ற கேள்வியைச் சடங்காகக் கேட்க வேண்டாம். 2020 அக்டோபரில் சேலத்தில், இறந்துவிட்டதாக நினைத்து 74 வயது முதியவர் ஒருவரை வீட்டார் ஃப்ரீசர் பாக்ஸில் வைத்துவிட்டார்கள். மறுநாள் பெட்டியைத் திரும்ப எடுக்க வந்த ஊழியர்தான் அவருக்கு உயிர் இருப்பதைப் பார்த்தார். மருத்துவமனையில் சேர்த்தும் சில நாட்களில் அவர் இறந்துபோனார். டாக்டர் எழுதிக்கொடுத்த சான்று இல்லாமல் பெட்டியை இறக்காதீர்கள். ‘நேத்துல இருந்தே பேச்சு மூச்சு இல்லைங்க’ என்பது சான்று ஆகாது. கிளினிக்கிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு வாசலில் காத்திருங்கள்.

காகிதம்

புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

மருத்துவமனையில் நோயால் இறந்திருந்தால் வேலை சுலபம். இறப்புக்கான காரணத்தை டாக்டர் படிவம் 4-இல் எழுதிக்கொடுப்பார். வீட்டில் இறந்தவருக்கு, அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தர வேண்டியது படிவம் 4ஏ. மயானத்தில் இதைத்தான் முதலில் கேட்பார்கள், கூடவே இறந்தவரின் ஆதார் நகலும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம். பதிவு குடும்பத்தின் வேலைதான், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் ஓடாது. ‘இந்தப் பேப்பரைப் பத்திரமா வைங்கம்மா, ஒரிஜினலை யார்கிட்டயும் கொடுக்காதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் பெரிய உதவி.

விபத்து, தற்கொலை, தீக்காயம், பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, மின்சாரம் தாக்கியது, சந்தேகத்துக்கு இடமான எதுவும் போலீஸ் கணக்கில் வரும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு என்று எல்லாரும் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194. ஸ்டேஷனில் பழைய ஆட்கள் இன்னும் ‘174 கேஸ்’ என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்திருந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் உண்டு. அன்றைக்கு வேறு சவாரி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிரேத விசாரணை முடிந்து, போலீஸ் டாக்டருக்குக் கடிதம் கொடுத்து, போஸ்ட்மார்ட்டம் முடிந்த பிறகு உறவினர் கையெழுத்துப் போட்டு வாங்குவார். உடலை ஒப்படைத்ததற்கான காகிதத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், காகிதத்தை மட்டும். வழியில் செக்போஸ்டில் நிறுத்தினால் காட்ட வேண்டியது அதுதான். கேரளாவுக்கோ ஆந்திராவுக்கோ போவதாக இருந்தால் போலீஸின் தடையில்லாச் சான்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சாயங்காலம் போய் நின்றால் ‘காலையில்தான் பிஎம்’ என்பார்கள். போதிய வசதி இருக்கும் மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதி கொடுத்திருக்கிறது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் என்றால், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய, இரவில் கிடையாது. குடும்பம் உங்களிடம்தான் கோபப்படும். ஏன் தாமதம் என்று பதமாக எடுத்துச் சொல்லத் தெரிந்திருந்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

யாராவது ஓரமாகக் கூப்பிட்டு ‘போலீஸ் கீலீஸ் எல்லாம் வேணாம்ணே, நேரா சுடுகாட்டுக்கு விட்ருங்க, கூடப் போட்டுத் தர்றோம்’ என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். குற்றத்தின் தடயத்தை மறைத்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆவது பிரிவில் உங்களையும் சேர்ப்பார்கள். அழுகிற முகத்தைப் பார்த்து இரங்கும் இடம் இது கிடையாது.

இவர்தானா என்று பார்ப்பது

மார்ச்சுவரியில் ஒரே நாளில் பல உடல்கள் வெள்ளைத் துணியில் ஒன்றுபோலச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். கையிலோ காலிலோ கட்டிய அட்டையில் உள்ள பெயர், வயது, எண் மூன்றையும் உங்கள் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம் நெருங்கிய உறவினர் ஒருவரை அழைத்து முகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஊழியர் ‘அதெல்லாம் பார்த்தாச்சு, ஏத்துப்பா’ என்று அவசரப்படுத்துவார். ஏற்றாதீர்கள். உடல் மாறிப்போய் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு தெரியவந்த சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

முகம் சிதைந்திருந்தால் உறவினரைத் திடீரென்று பார்க்க வைக்கக் கூடாது. முதலில் சொல்லுங்கள், மனது திடமான ஒருவரைக் கேட்டு வரவழையுங்கள். கை, கால், மச்சம், உடுப்பு வைத்தும் அடையாளம் சொல்ல முடியும்.

நகை இருந்தால் நீங்கள் கழற்ற வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் கழற்றட்டும், என்னென்ன என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கழற்ற முடியாத மோதிரத்தையும் ‘கையில் உள்ளது’ என்று எழுதுங்கள்.

தூக்குவது

இறந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் விறைப்பு தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடம்பு முழுவதும் இறுகிவிடும். நம் ஊர் வெயிலில் இது சீக்கிரமே வந்து சீக்கிரமே விலகும். தாடைக்கட்டும் கால் கட்டைவிரல் கட்டும் சும்மா சாங்கியத்துக்காக வந்தவை இல்லை. விறைப்பதற்கு முன்னால் போட்டால்தான் வாய் மூடியிருக்கும், கால்கள் சேர்ந்திருக்கும். நீங்கள் போகும்போது இன்னும் தளர்வாக இருந்தால், வீட்டாரைக் கேட்டுவிட்டு முதலில் இந்த இரண்டையும் செய்யுங்கள். விறைத்த பிறகு மடங்கிய கையை வலுக்கட்டாயமாக நீட்டாதீர்கள். அப்படியே துணியால் உடம்போடு அணைத்துக் கட்டுங்கள்.

தூக்கும்போது சில சமயம் நெஞ்சிலிருந்து காற்று வெளியேறி முனகல் போலச் சத்தம் வரும். முதல் தடவை கேட்டவன் கையை விட்டுவிடுவான், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன். நுரையீரலில் தங்கிய காற்றுதான் அது. காசநோய் மாதிரி நோய் இருந்தவர் என்றால் அந்தக் காற்றில் கிருமியும் வரலாம், ஆகவே தூக்குவதற்கு முன் வாய் மூக்கின் மேல் ஒரு துணி போடுங்கள்.

அக்குளிலும் காலிலும் பிடித்துத் தூக்கவே கூடாது. உடம்பைச் சற்று ஒருக்களித்து, பெட்ஷீட்டைப் பாதி சுருட்டி முதுகுக்குக் கீழே தள்ளி, மறுபக்கம் ஒருக்களித்து இழுத்தால் முழு உடம்பும் ஷீட்டின் மேல் வந்துவிடும். ஷீட்டின் ஓரங்களை உடம்பு வரை இறுகச் சுருட்டிக்கொண்டு, பக்கத்துக்கு இரண்டு பேர் பிடித்தால் எவ்வளவு கனமானவரையும் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றலாம். முழங்காலை மடக்கி எழுங்கள். முதுகை வளைத்துத் தூக்கினால் நாற்பது வயதுக்குள் டிஸ்க் போய்விடும், இந்தத் தொழிலை விட்டு வெளியேறியவர்களில் பாதிப் பேர் முதுகுவலிக்காரர்கள்தான்.

மூன்றாவது மாடியிலிருந்து இறக்குவதைப் பார்ப்போம். அடுக்குமாடி லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுக்கை வாட்டில் நுழையாது. நிறுத்திவைத்துக் கொண்டுபோகலாம் என்று வாட்ச்மேன் முதல் செயலாளர் வரை யோசனை சொல்வார்கள். வேண்டாம். நிமிர்த்தினால் வயிற்றில் இருப்பது வெளியே வரும், பார்க்கிற மகளுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. படிதான். மார்பு, இடுப்பு, முழங்கால் மூன்று இடத்திலும் கட்டுங்கள். கால் பக்கம் முன்னால் இறங்க வேண்டும், கீழ்ப்பக்கம் பலசாலி நிற்க வேண்டும், பாரம் முழுக்க அங்கேதான் சாயும். உறவுக்காரப் பையன்கள் ஓடிவந்து பிடிப்பார்கள், பிடிக்கட்டும். ஆனால் குரல் ஒருவருடையதாக மட்டும் இருக்க வேண்டும், தலைப்பக்கம் இருப்பவருடையது. ‘நில்லு’ என்றால் நிற்க வேண்டும். திருப்பத்தில் தலைப்பக்கத்தைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே உயர்த்தித் திருப்ப வேண்டியிருக்கும். அதற்கு முன்னாலேயே ஒருவரை அனுப்பிச் செருப்பு ஸ்டாண்டு, சைக்கிள், பூந்தொட்டி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிடுங்கள். இறக்கத் தொடங்கிய பிறகு எடுக்கச் சொன்னால் நடுப்படியில் நின்றுகொண்டு கை நடுங்கும்.

அழுகிய உடலுக்கு இந்த முறை போதாது. தோல் கழன்று வரும் என்பதால் கையால் பிடிக்கவே முடியாது. அடியில் பிளாஸ்டிக் ஷீட்டையும் பெட்ஷீட்டையும் சேர்த்துச் செருகி, அப்படியே ஜிப் வைத்த பாடி பேக்குக்குள் இறக்க வேண்டும். பூட்டிக் கிடந்த அறை என்றால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். அனுபவசாலி இல்லாமல் இந்த மாதிரி சவாரிக்குத் தனியாகப் போக வேண்டாம்.

ஃப்ரீசர் பாக்ஸ் வைப்பது

பெட்டியைச் சமதளத்தில் வைத்து, உடலை வைப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஓடவிடுங்கள். காற்றுப் போகும் பக்கம் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஒருபோதும் போடாதீர்கள். தரை தண்ணீராக இருக்கும், பெண்கள் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஒரு லீக்கேஜ் போதும். பெட்டியிலிருந்து வடியும் தண்ணீருக்குக் குழாயை வாளிக்குள் விடுங்கள். ஊதுபத்தி, விளக்கு இரண்டையும் ஒயருக்கும் கண்ணாடிக்கும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டினால் குளிர் நிற்காது என்பதை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மட்டும் சொல்லிவைத்தால் போதும், மற்றவர்களை அவர் பார்த்துக்கொள்வார்.

சாலையில்

தலைக்குக் கீழே மடித்த துணி வைத்துச் சற்று உயர்த்துங்கள். ரத்தம் தாழ்ந்த பக்கம் இறங்கித் தேங்கும். தலை தாழ்ந்திருந்தால் முகம் கருத்துப்போகும், ஊரில் இறக்கும்போது ‘என்ன பண்ணீங்க?’ என்பார்கள். போஸ்ட்மார்ட்டம் முடிந்த உடலில் தையல் வழியே கசிவு இருக்கும். கீழே பிளாஸ்டிக் ஷீட்டின் நான்கு ஓரத்தையும் உயர்த்தி மடித்து, உள்ளே பஞ்சு வையுங்கள்.

சைரன் போடாதீர்கள். ஆம்புலன்ஸ் வண்டியாகவே இருந்தாலும் இறந்தவரோடு போகும்போது அவசரம் இல்லை. அந்தச் சத்தத்துக்கு வழிவிட்டு ஒதுங்குகிறவர்கள் உயிருக்காக ஒதுங்குகிறார்கள். சைரனைத் தவறாகப் பயன்படுத்தியே நிஜமான ஆம்புலன்ஸுக்கும் யாரும் ஒதுங்காத நிலையை நம் தொழில்காரர்கள்தான் உண்டாக்கினார்கள் என்பது என் எண்ணம்.

தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி இறுதி ஊர்திக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு ஓட்டுநர் இல்லாமல் இரவில் கிளம்பக் கூடாது. உறவினர்கள் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பார்கள், பிறகு அவர்களே தூங்கிவிடுவார்கள். டீக்கு நிறுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, ஒருவரை வண்டியோடு விட்டுவிட்டு இறங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ கார்கோவில் வரும் பெட்டி வேறு ரகம். மரப்பெட்டி நீளம், கனம் இரண்டும் அதிகம், சில வண்டிகளின் பின்கதவில் நுழையாது. கிளம்பும் முன் அளவைக் கேளுங்கள். எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்தியது) சான்று உட்பட எல்லாக் காகிதமும் உறவினர் கையில் வந்த பிறகுதான் டெர்மினலை விட்டு நகர வேண்டும்.

ஊர்வலமும் மயானமும்

சொர்க்க ரதம் ஓட்டுவதில் உள்ள சிரமம் வேகமே இல்லாமல் ஓட்டுவது. முதல் கியரில் மணிக்கணக்கில் ஊர வேண்டும், இன்ஜின் சூடேறும், கிளட்ச் கால் மரத்துப்போகும். முன்னால் பறையடிக்கு ஆடுகிறவர்கள் பாதிப் பேர் குடித்திருப்பார்கள், திடீரென்று சக்கரத்துக்கு முன்னால் குனிந்து சில்லறை பொறுக்குவார்கள். வீசுகிற பூ கண்ணாடியில் ஒட்டி வைப்பரில் சிக்கும். உதவியாளர் வண்டிக்குள் உட்காரக் கூடாது, முன்சக்கரத்தோடு நடந்தே வர வேண்டும். அவர் கையைக் காட்டினால்தான் வண்டி நகர வேண்டும். வெடிப்பையை வண்டிக்குள் ஏற்ற விடாதீர்கள். கற்பூரமும் உள்ளே வேண்டாம்.

எரிவாயு தகன மேடைக்கு முன்பே நேரம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்களா என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே விசாரியுங்கள். இறந்தவருக்குப் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்திருந்தால் தகனத்துக்கு முன் மருத்துவமனையில் எடுத்துவிட வேண்டும், சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும். இதைக் கேட்க யாருக்கும் தோன்றாது, நீங்கள் கேளுங்கள்.

இஸ்லாமியர் வீடு என்றால் மையித்தை (இறந்தவர் உடலை) குளிப்பாட்டுவதும் கஃபன் துணி சுற்றுவதும் அவர்கள் ஆட்கள்தான், சந்தூக் என்ற பெட்டியில் வைத்துத் தோளில் தூக்கிப் போவார்கள். பெண் மையித்தைத் தொடுவதற்கு முன் கேளுங்கள். கிறிஸ்தவ வீட்டில் ஜெபம் முடியும் வரை வண்டிக் கதவைத் திறந்து மூடிச் சத்தம் போடாதீர்கள். எந்த வீடானாலும் சாங்கியத்தை அவசரப்படுத்த வேண்டாம், வாய்க்கரிசி போட நாலு பேர் இருந்தால் நாலு பேரும் போடட்டும்.

வண்டியும் நீங்களும்

ஒவ்வொரு சவாரிக்கும் பிறகு கழுவ வேண்டும். முதலில் கசிவைப் பஞ்சால் துடைத்து மஞ்சள் பையில் போட்டு, மருத்துவக் கழிவு எடுக்கும் இடத்தில் சேருங்கள், தெருக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. பிறகு 1 சதவீத ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி. கடையில் கிடைக்கும் 5 சதவீதக் கரைசலில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். குறைந்தது பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வெறும் ஃபினாயில் வாசனைக்குத்தான். ஹைப்போவோடு ஆசிட்டைக் கலந்தால் நச்சு வாயு வரும், கலக்காதீர்கள். ஸ்டியரிங்கையும் கதவுக் கைப்பிடியையும் மறக்க வேண்டாம், கையுறையோடு தொட்ட இடங்கள் அவை.

குழந்தையைத் தூக்கிய நாள் சோறு இறங்காது. பழைய ஆட்கள் குவார்ட்டரைக் கையில் கொடுத்து ‘குடிச்சாத்தான் தம்பி இந்த வேலை’ என்பார்கள். குடிக்காமல் இருபது வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேருங்கள். தூக்கம் வராமல் போனால், கண்ணை மூடினால் அதே முகம் வந்தால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம். இலவசம், தமிழில் பேசுவார்கள்.

கூலி

சம்பளம் போக சவாரிக்குப் பேட்டா உண்டு. கிடைக்கும் கூலியைவிடக் கமிஷன்தான் இந்தத் தொழிலைக் கெடுத்து வைத்திருக்கிறது. மருத்துவமனை வாசலில் தகவல் சொல்கிறவருக்கு ஒரு பங்கு, உள்ளே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கு ஒரு பங்கு என்று போய், எல்லாம் சேர்ந்து அழுகிற குடும்பத்தின் தலையில் ஏறும். நீங்கள் புதியவர், ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் போனில் சொன்ன தொகைக்கு மேல் இறக்கும் இடத்தில் கேட்காமல் இருக்க முடியும். அரசு மருத்துவமனையில் இறந்தவரின் குடும்பம் காசுக்குத் திண்டாடுவது தெரிந்தால் 155377-ஐச் சொல்லிவிடுங்கள். ஒரு சவாரி போகும், போகட்டும். அடுத்த தடவை அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் உங்கள் நம்பரைத்தான் தேடுவார்கள். வாங்கிய பணத்துக்கு ரசீது எழுதிக் கொடுங்கள், கிளம்பிய நேரம், இறக்கிய நேரம், கிலோமீட்டர் மூன்றையும் அதில் குறிப்பிடுங்கள், நகலைக் கிழிக்காமல் வைத்திருங்கள். போலீஸ் கேஸ் உள்ள உடல் என்றால் பல மாதம் கழித்தும் அதைக் கேட்டு ஸ்டேஷனிலிருந்து போன் வரலாம்.